ஜெசிந்தா மிஸ் அளந்த பதினொரு அங்குலம்

செய்தி வந்த நேரத்தில் என் வகுப்பில் பதின்மூன்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்கள். வலது கை மேலே, இடது முழங்கால் வயிற்றோடு, கண் மூடி. நான் சொல்லும்வரை அசையக் கூடாது என்பது என் கட்டளை. வகுப்பு நேரத்தில் யாருடைய தொலைபேசியும் ஒலிக்கக் கூடாது என்பது இன்னொரு கட்டளை. அன்றைக்கு ஒலித்தது என்னுடையதுதான். எங்கள் மேடைப் பட்டறையில் தச்சு வேலை பார்க்கும் நிஸ்தார் கிண்ணியாவிலிருந்து பேசினார்.

“சேர், நம்மட ஜெசிந்தா மிஸ் மோசம் போயிட்டாங்க. விடிய அஞ்சு மணிக்காம்.”

“ஓம்” என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. யன்னலடிக்குப் போய் நின்றேன். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது, பின்னால் ஒரு பிள்ளை தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். மற்றப் பன்னிரண்டு பேரும் நடுங்கிக்கொண்டு இன்னும் நின்றார்கள். “சேர், கையை இறக்கலாமோ?” என்று ஒருத்தி கண்ணைத் திறக்காமலே கேட்டாள். இறக்கச் சொன்னேன். பிறகு மிஸ் இறந்த செய்தியைச் சொன்னேன். அடுத்த பாடவேளை அவருடையது. இரண்டு மாதமாக அவர் வரவில்லை என்றாலும் நேரசூசியில் அவர் பெயர்தான் இருந்தது.

ஜெசிந்தா மிஸ்ஸைத் தெரிந்த எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். குறிப்பாக, ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் பல்கலைக்கழக நாடகத் துறையில் இறுதி ஆண்டு படித்த ஏழு பேருக்காக. அவர் என்னிடம் ஒரு வேலை சொல்லியிருந்தார். சின்ன வேலை, ஐந்து நிமிடம்கூடப் பிடிக்காது. ஆறு வருடமாக நான் அதைச் செய்யவில்லை. அது என்ன வேலை என்று சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு ஏலாது. ஆனால் அதற்கு முதல் அவர் எப்படிப்பட்ட மனுஷி என்று சொல்ல வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒரே துறையில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தவர்கள். நான் உடலால் நடிக்கப் பழக்குகிறவன். அவர் அந்த உடல்கள் நிற்கும் இடத்தை ஆக்கப் பழக்கியவர். மேடை வடிவமைப்பு அவருடைய பாடம். ஊர் கப்பல்துறை. பல்கலைக்கழகத்துக்கு வரமுதல் ஒரு பொறியியலாளரின் கந்தோரில் வீட்டு வரைபடம் வரைந்துகொண்டிருந்தவர். வந்த முதல் நாள், இன்னும் கதிரையில்கூட உட்காரவில்லை, கைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்துக்கொண்டு என் அறைக்குள் வந்தார்.

“சேர், கையை விரியுங்கோ.”

“எதுக்கு மிஸ்?”

“விரியுங்கோவன், சொல்லுறன்.”

விரித்த கையின் நீளம், தரையிலிருந்து முழங்கால் உயரம், ஒரு அடி வைத்தால் எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் அளந்து ஒரு கொப்பியில் எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: “கோவம் வந்தா எந்தக் காலை முதல் வைப்பீங்கள்?” எனக்கெப்படித் தெரியும்? வாசலில் நின்ற நிஸ்தார், “வலக்கால் மிஸ்” என்றார். அந்த ஆள் எத்தனை தரம் என் கோபத்தைக் கண்டிருந்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருப்பார்! அதையும் எழுதிக்கொண்டார். துறைத் தலைவர், சுத்திகரிக்க வரும் அம்மா, காவலாளி ஒருவரையும் விடவில்லை. “மேடை கட்டுறதெண்டா முதல் மனிசரை அளக்கவேணும். பலகை எங்க ஓடப்போகுது, அதைப் பிறகு அளக்கலாம்” என்பார்.

மேடையில் ஒன்றுமே வேண்டாம், மனித உடல் மட்டும் போதும் என்பது அந்த நாளில் என் கட்சி. வாயைத் திறந்தால் அதைத்தான் சொல்வேன். இரண்டு மாதம் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருநாள், “சரி சேர், மனிசர் போதும். அந்த மனிசர் எதில நிக்கிறது?” என்றார். தரையில் என்றேன். “அந்தத் தரையும் ஆரோ போட்டதுதானே” என்று சொல்லிவிட்டு அடுத்த நாளே என்னைப் பரீட்சிக்க ஏற்பாடு செய்தார். மண்டபத்திலிருந்து திரை, கதிரை, மேசை எல்லாவற்றையும் வெளியே எடுத்தாயிற்று. நான் தனியே இருபது நிமிடம் ஆடி, விழுந்து, எழும்பி, வியர்த்துக் கொட்டி முடித்தேன். அவர் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எதைப் பார்த்தீர்கள்? மூன்று பேர் சுவரில் மழைத்தண்ணீர் ஊறிய கறையைப் பார்த்ததாகச் சொன்னார்கள்! அது ஒரு யானை மாதிரி இருந்ததாம். “வெறும் மேடை எண்டு ஒண்டு இல்லை சேர்” என்றார் மிஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலக்காலை முன்னால் வைத்து வெளியே போனேன் என்று நிஸ்தார் பிறகு எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்.

இன்னொரு நாள் விடியற்காலையில் எங்கள் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி நிலாவெளிக்குக் கொண்டுபோனார். கரைவலை இழுக்கிற நேரம். பிள்ளைகள் கடலைப் பார்த்தார்கள், வலையைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். அவர் மணலில் குந்தியிருந்து, இழுக்கிறவர்களின் குதிக்காலை மட்டும் பார்த்தார். குதி எவ்வளவு ஆழம் புதைகிறது, முன்னுக்கு நிற்கிறவருக்கும் கடைசியில் நிற்கிறவருக்கும் என்ன வித்தியாசம் என்று காலடிக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். நடுவில் எழும்பிப்போய்க் கயிற்றில் கையும் வைத்துவிட்டார். வலைக்குச் சொந்தக்காரர் சிரித்துக்கொண்டு, “பிள்ளை, மீன் வாங்க வந்தனீங்களோ, வலை இழுக்க வந்தனீங்களோ?” என்று கேட்டார்.

“உங்கட குதிக்காலைப் பாக்க வந்தனாங்கள் ஐயா.”

அந்த மனிதர் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த கிழமை, பின்பக்கம் உயர்ந்த ஒரு சரிவு மேடையை நிஸ்தார் அடித்துக் கொடுத்தார். அதில் ஏறிய பிள்ளைகளுக்குப் பாரம் இழுப்பது போல் நடிக்கச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. குதி தானாக ஊன்றியது, முதுகு தானாக வளைந்தது. மூன்று மாதமாக நான் தொண்டை கிழியக் கத்தியதை ஒரு சாய்ந்த பலகை செய்துவிட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்போது அதை ஒப்புக்கொள்வதால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இனி அந்த ஏழு பேரின் கதைக்கு வருகிறேன். அவர்களுடைய இறுதி ஆண்டுப் பரீட்சை ஒரு நாடகம். அவர்களே ஆக்கியது. பேச்சு அதிகம் இல்லை, முழுக்க உடலசைவு. இறங்குதுறையிலிருந்து ஒரு வள்ளம் விலகிப் போகிறது. கரையில் நிற்கும் தகப்பனை விட்டுவிட்டு ஒரு பெண் கடைசி நேரத்தில் அந்த வள்ளத்துக்குப் பாய வேண்டும். பாயும்போது அவள் கண் முன்னால் இருக்காது, தகப்பன் கூப்பிடும் குரலுக்குத் திரும்பி அவரைப் பார்த்தபடியே பாய்வாள். நாடகத்தின் உயிர் அந்த ஒரு பாய்ச்சல்தான். அதைச் செய்தவள் நிரோஷினி. கட்டைபறிச்சான் ஊர்ப் பிள்ளை. என் இருபது வருட வேலையில் அப்படி ஒரு உடலை நான் பழக்கியதில்லை. ஒருதரம் செய்ததை அடுத்த தரமும் இம்மி பிசகாமல் செய்வாள். இறங்குதுறைக்கு ஒன்று, வள்ளத்துக்கு ஒன்று என்று இரண்டு பலகை மேடைகளை ஜெசிந்தா மிஸ் வரைந்திருந்தார். இரண்டும் இரண்டரை அடி உயரம். இரண்டுக்கும் நடுவே ஐந்து அடி இடைவெளி.

நாடகம் நடக்க இருந்தது பெரிய மண்டபத்தில். ஒத்திகை நடந்தது உட்துறைமுக வீதிப் பக்கம் எங்களுக்குக் கிடைத்த ஒரு பழைய களஞ்சியத்தில். இப்படியான நேரத்தில் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேடை தயாராகும்வரை, அதன் அளவுகளை ஒத்திகைத் தரையில் வெள்ளை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுவோம். பிள்ளைகள் அந்தக் கோடுகளை மேடையென்று நம்பி ஆடுவார்கள். கோட்டைக் கண்ணால் பார்ப்பது முதல் இரண்டு நாள்தான். பிறகு கால் மனப்பாடம் செய்துகொள்ளும். மிஸ் தன் கையால் அளந்து அதை ஒட்டினார். இரண்டு நாள் கழித்து யாரோ பெரிய ஆள் களஞ்சியத்தைப் பார்க்க வருகிறார் என்று தரையைத் தேய்த்துக் கழுவியபோது நாடா முழுவதும் உரிந்து போய்விட்டது.

மிஸ் அந்தக் கிழமை ஒரு கூட்டத்துக்காக மட்டக்களப்பில் நின்றார். ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால் போதும். வரைபடம் அவருடைய மேசையில்தான் இருந்தது, அதையாவது எடுத்து விரித்திருக்கலாம். நான் செய்யவில்லை. எனக்கு அளவுநாடா எதற்கு, என் கால் இருக்கிறதே! நான் ஒரு எட்டு எடுத்து வைத்தால் இரண்டரை அடி என்று அவரே அளந்து எழுதியிருந்தார். அந்தத் திமிரில் எட்டு வைத்து எண்ணி எண்ணித் திரும்ப ஒட்டினேன். அந்தக் கிழமை என் வலது முழங்கால் வீங்கி, துணி சுற்றிக் கட்டியிருந்தேன் என்பது என் நினைவுக்கு வரவேயில்லை. மிஸ் திரும்பி வந்தபோது, நாடா கிடந்த இடத்திலேயே கிடந்தது மாதிரித்தான் இருந்தது. நான் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை.

இரண்டு கிழமை அந்தக் கோடுகளில் பழகினார்கள். பிறகு பெரிய மண்டபத்தில் மேடை எழும்பியது. முதல் நாள் மெத்தை போடுவோம் என்று மிஸ் கேட்டார். மெத்தை இருந்தால் உடம்பு பயத்தை மறந்துவிடும் என்று நான்தான் மறுத்தேன். நிரோஷினி ஓடி வந்தாள், தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள், பாய்ந்தாள். காலின் நுனி மட்டும் வள்ளத்தின் விளிம்பில் பட்டுச் சறுக்கியது. இரண்டு மேடைக்கும் நடுவே விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்த பிள்ளையைப் பார்த்து, எல்லோருக்கும் முன்னால், “உன்ர உடம்பு எங்க இருந்தது? மனசை வீட்டில வைச்சிட்டு வந்தா இப்பிடித்தான். கவனம் இல்லாட்டி மேடைக்கு ஏறாதை!” என்று கத்தினேன். பயத்தில் கத்தியது. பயம் என்று எனக்குத் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் “சொறி சேர்” என்றாள். கை முறிந்த பிள்ளை என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அடுத்த நாள் காலை களஞ்சியத்துக்குப் போனபோது ஜெசிந்தா மிஸ் எனக்கு முதலே அங்கே இருந்தார். தரையில் முழந்தாளிட்டு, நாடாக் கோடுகளை ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தார். வாசலில் என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார்.

“பதினொரு அங்குலம் குறையுது சேர்.”

தரையைக் கழுவியதையும் நான் திரும்ப ஒட்டியதையும் சொன்னேன்.

“எதால அளந்தனீங்கள்?”

“காலால.”

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. கண் இரண்டும் விரிந்து, புதிதாக ஒன்றைக் கண்டவர் மாதிரி இருந்தார். “ஒருக்கா நடவுங்கோ பாப்பம்” என்றார். முழங்கால் கட்டு இன்னும் அவிழவில்லை, அதோடு நடந்தேன். பத்து எட்டு வைக்க வைத்து, ஒவ்வொன்றையும் அளந்தார். துணிக் கட்டோடு என் ஒரு எட்டு ஐந்தரை அங்குலம் குறைந்திருந்தது. இரண்டு எட்டுக்குப் பதினொரு அங்குலம். “ஏழு பேரும் ரெண்டு கிழமை இதுக்குள்ள ஓடித் திரிஞ்சிருக்கினம், ஒருத்தருக்கும் விளங்கேல்லையே. ஏன்?” என்று தனக்குள் கதைத்துக்கொண்டு இன்னும் அரை மணித்தியாலம் தரையில் தவழ்ந்தார். கடைசியில் அவரே கண்டுபிடித்தார். எல்லா அளவும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தபடியால் எதுவும் பிசகாகத் தெரியவில்லை. மற்ற இடங்களில் நடந்தால் போதும், பாய வேண்டியதில்லை. மேடையில் கண்ணால் பார்த்துச் சரிக்கட்டிவிட்டார்கள். கண்ணைப் பின்னால் வைத்துக்கொண்டு பாய வேண்டியிருந்தது நிரோஷினியின் அந்த ஒரே ஒரு இடத்தில்தான்.

கொப்பியை மூடினார். “நிரோஷினியிட்ட நீங்கள் சொல்லவேணும் சேர். நான் சொல்லமாட்டன். அவவை ஏசினது நீங்கள்.”

சொல்கிறேன் என்றேன். அன்றைக்குப் பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவளுடைய தாய் பக்கத்தில் இருந்தா. “உங்களுக்குத்தான் சேர் எவ்வளவு கரைச்சல் குடுத்திட்டாள்” என்று தாய் சொன்னா. பழத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வருடம், கனகாலம் தற்காலிகமாக இருந்த என் நியமனம் நிரந்தரமாக வேண்டிய வருடம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சாக்குப்போக்காகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான். என்ன நடந்ததென்று நிர்வாகத்தில் எங்கள் இருவரையும் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். மாணவி பாயும்போது தடுமாறிவிட்டதாக நான் அரைப் பக்கம் எழுதினேன். ஜெசிந்தா மிஸ் இரண்டே வரி எழுதினார். மேடையில் இடைவெளி ஐந்து அடி. ஒத்திகைத் தரையில் ஒட்டப்பட்டிருந்த இடைவெளி நாலு அடி ஓரங்குலம். அவ்வளவுதான். உண்மை முழுவதும் அதில் இருந்தது. வாசித்தவர்களில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. அலுவலகக் கோவைக்குள் போய்விட்டது.

நிரோஷினி திரும்பி வந்தாள். பாய்ச்சலை வேறொருத்தி செய்தாள். கை சுகமான பிறகும் அவள் நடிக்கக் கேட்கவில்லை. தன் உடம்பை நம்ப ஏலாது என்று தோழிகளிடம் சொன்னாளாம். பட்டம் முடிந்ததும் ஜெசிந்தா மிஸ்ஸின் பட்டறையில் உதவியாளராக இரண்டு வருடம் வேலை செய்தாள். நன்றாக வரைவாள், சும்மா சொல்லக்கூடாது. ஒருநாள் அவளுடைய மாதிரி மேடை ஒன்றை நான் புகழ்ந்தபோது மிஸ் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். “நல்ல பிள்ளை. எனக்கு இப்பிடி ஒரு ஆள் கிடைக்காது. ஆனா களவெடுத்த சாமானை வீட்டில வைச்சிருக்கிற மாதிரிக் கிடக்கு சேர்” என்றார். பிறகு அவள் மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கப் போனாள்.

வருடத்தில் ஒருதரம் மிஸ் என்னைக் கேட்பார். கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போதோ, பஸ்ஸுக்கு நிற்கும்போதோ, வேறு ஏதோ கதையின் நடுவில் கேட்பார். “சொல்லீட்டீங்களோ?” நான் இன்னும் இல்லை என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு விட்ட கதையைத் தொடர்வார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு அது சுகம். இந்த மனுஷி திட்டவேயில்லை. நியமனம் நிரந்தரமான பிறகும் நான் சொல்லவில்லை. அப்போது பயமும் போய்விட்டது, வெட்கம்தான் மிஞ்சியிருந்தது. வெட்கம் பயத்தைவிடப் பாரமாக இருந்தது.

கடைசியாக அவரைப் பார்த்தது கப்பல்துறையில், தங்கை வீட்டில். ஆள் பாதியாகிவிட்டார். ஆனால் கட்டிலில் இருந்துகொண்டு தன் நோயையே ஆராய்ந்துகொண்டிருந்தார். மருத்துவர் எடுத்த படங்களை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எது எந்த எலும்பு என்று எனக்கு விளக்கினார். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு கடதாசியில் இலக்கங்கள் எழுதியிருந்தன. என்ன என்று கேட்டேன்.

“கட்டிலில இருந்து கதவுக்கு எத்தினை எட்டு எண்டு எண்ணுறன். முந்திப் பத்து. நேற்றுப் பதினாலு. இண்டைக்குப் பதினாறு. நடக்கேக்க விளங்கேல்லை சேர். பழைய எட்டுத்தான் வைக்கிறன் எண்டு நினைக்கிறன். எண்ணிப் பாத்தாத்தான் தெரியுது.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “அண்டைக்கு உங்களுக்கும் இப்பிடித்தான் இருந்திருக்கும். அந்தப் பிழை தெரியாம விட்டது. அது முடிஞ்சுது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு வருடத்தில் ஒருவர் எனக்குச் சொன்ன முதல் ஆறுதல் அது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பொறுங்கோ, முடிக்கேல்லை. தெரிஞ்ச பிறகு விட்ட ஆறு வருசம் தெரிஞ்சு விட்டதெல்லே?”

அவர் தண்ணீர் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். சொல்லீட்டீங்களோ என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

இறுதிச் சடங்குக்கு நிரோஷினி மூதூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். அந்த வகுப்பில் படித்தவர்கள் இன்னும் நாலு பேர் வந்திருந்தார்கள். முற்றத்துத் தகரப் பந்தலுக்குக் கீழே கதிரைகள் போட்டிருந்தன. அவள் உள்ளே போய் அழுதுவிட்டு வந்து ஓரமாக இருந்தாள். நான் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தேன்.

“நிரோஷினி, உங்களோட ஒரு விசயம் கதைக்கவேணும்.”

“இப்பவோ சேர்?”

“இப்ப சொல்லாட்டி நான் பிறகும் சொல்லமாட்டன்.”

சொன்னேன். தரை கழுவியது, முழங்கால் கட்டு, எட்டு எண்ணியது, மெத்தையை மறுத்தது, நான் எழுதிய கடிதம் என்று ஒன்றையும் விடவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தினை அங்குலம்?”

“பதினொண்டு.”

இடது கையைக் கொஞ்சம் தூக்கி, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“அப்ப நான் சரியாத்தான் பாய்ஞ்சனான்” என்றாள்.

ஓம் என்றேன். அவள் மெல்ல என் பக்கம் திரும்பினாள். “மிஸ்ஸுக்குத் தெரியுமோ?”

அந்தக் கேள்வி வரும் என்று நான் யோசிக்கவேயில்லை. தெரியும் என்றேன். “ரெண்டு வருசம் அவவோட ஒரே மேசையில இருந்து வேலை செய்தனான் சேர். ஒரு நாளும் சொல்லேல்லையே” என்று சொல்லும்போது அவள் முகம் கோணியது. பெட்டி இன்னும் மூடப்படவில்லை, உள்ளே செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆறு வருடம் பிந்தியதால், அந்தப் பிள்ளை தன் மிஸ்ஸுக்காக அழுதுகொண்டிருந்த அழுகையையும் கெடுத்துவிட்டேன். மிஸ் என்னைத்தான் சொல்லச் சொன்னார், வருடாவருடம் கேட்டார், அந்த உண்மை என் வாயிலிருந்து வரவேண்டும் என்றுதான் காத்திருந்தார், பிழை முழுவதும் என்னுடையது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் காத்திருந்தது சரியா? எனக்குத் தெரியாது. அவர் முதலே சொல்லியிருந்தால் நிரோஷினி இன்றைக்கு மேடையில் இருந்திருக்கலாம். இதை அவரிடம் கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டார், உட்கார்ந்து யோசித்திருப்பார். கேட்கத்தான் ஆளில்லை.

நிரோஷினி எழும்பினாள். கண்ணைத் துடைத்தாள்.

“என்னை ஏசினது எல்லாருக்கும் முன்னால. இதையும் எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ.”

மற்ற நாலு பேரையும் அவளே கூப்பிட்டாள். பந்தலில் இருந்த சனம் எல்லாம் பார்க்க, நின்றபடியே மறுபடி முதலிலிருந்து சொன்னேன். நாடகத்தில் அவளுடைய தகப்பனாக நடித்தவன் தலையில் கையை வைத்துக்கொண்டு, “ஐயோ, நான் கூப்பிட்டது பிந்தினதாலதான் விழுந்தவள் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான் சேர்” என்றான். அப்படி ஒருவன் இருப்பான் என்றும் நான் யோசித்ததில்லை.

“வராத ரெண்டு பேருக்கு?” என்று நிரோஷினி கேட்டாள்.

“எழுதுறன்.”

“எழுதுங்கோ. மிஸ்ஸைப் பற்றி எழுதேக்க இதையும் சேத்து எழுதுங்கோ.” சேமக்காலைக்குப் போகும் வழி முழுக்க அவள் பெட்டிக்குப் பக்கத்திலேயே நடந்தாள். என்னோடு பிறகு கதைக்கவில்லை. இன்றுவரை கதைக்கவில்லை.

ஜெசிந்தா மிஸ்ஸிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது ஒன்று. ஒரு பிழையைக் கண்டதும் யார் விட்டது என்று கேட்பதற்கு முதல், இது எப்படி வந்தது என்று தரையில் முழந்தாளிட்டுத் தேடிய அந்த ஆவல். என்னைப் போன்ற முற்கோபிக்கு அது படியுமா தெரியாது, பழகிப் பார்க்கிறேன். அவர் சொன்ன வேலையை இத்துடன் முடிக்கிறேன். அந்த வகுப்பில் படித்த ஏழு பேருக்கும், அன்றைக்கு மண்டபத்தில் நின்ற நிஸ்தாருக்கும், ஆஸ்பத்திரியில் என்னிடம் வருத்தம் தெரிவித்த அந்தத் தாய்க்கும் சொல்கிறேன். நாடாவை ஒட்டியவன் நான். என் அளவு பிழை. நிரோஷினி சரியாகத்தான் பாய்ந்தாள்.